கல்லீரல் செல்களுக்குச் சீட்டுப் போட்டோம்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் வரிசையை மாற்றிச் சொல்ல வேண்டாம்.

1. அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த மனிதக் கல்லீரல் துண்டுகளிலிருந்து உயிருள்ள செல்களைப் பிரித்து, அவற்றை மறுபடி இளம் செல்களாக மாற்றும் சென்னை ஆய்வுக்கூடம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் வேலை செய்தேன்.

2. எங்கள் முறை வெற்றி என்று அறிக்கை எழுதினோம். அதில் என் பெயரும் இருந்தது.

3. அந்த வெற்றியின் ஒரு பகுதி, செல் வளரும் பிளேட்டை இன்குபேட்டரின் எந்த இடத்தில் வைத்தோம் என்பதால் வந்தது என்று கண்டுபிடித்தேன்.

4. கண்டுபிடித்த வழியைப் பழவேற்காடு ஏரியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

5. நோயாளிகளுக்குச் செலுத்தவிருந்த முதல் தொகுதிச் செல்களுக்கான பதிவேட்டில் என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். ஐந்து நோயாளிகள் கொண்ட பட்டியலில் கடைசிப் பெயர் என் தகப்பனாருடையது.

6. கையெழுத்துப் போடவில்லை.

7. முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றேன்.

இதை எழுதக் காரணம் நிஷா. எனக்குப் பின்னால் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவள், கடைசி இரண்டு வருடம் என் பக்கத்து இருக்கை. போன மாதம் போன் செய்தாள். சுவரில் புதிய நடைமுறைத் தாள் ஒட்டியிருக்கிறார்களாம். எந்தப் பிளேட் இன்குபேட்டரில் எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு முறை ஊட்டநீர் மாற்றும்போதும் இடம் மாற்ற வேண்டும் என்று அதில் இருக்கிறதாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதை யார் கொண்டுவந்தது என்று கேட்டிருக்கிறார்கள்.

"இது எப்பவுமே இருக்குன்னு சொல்லிட்டாங்கக்கா" என்றாள். "நான் வாயத் தொறக்கல. நீங்களே எழுதிக் குடுங்க, நான் இவங்களாண்ட காட்டறேன்."

எப்போதும் இருந்ததில்லை. எனவே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. பொன்னேரியில் பி.எஸ்ஸி., சென்னையில் எம்.எஸ்ஸி., அதன் பிறகு ஆறு மாதப் பயிற்சி. தினமும் பழவேற்காட்டிலிருந்து பஸ், பிறகு ரயில். பயிற்சி முடிந்ததும் இந்த ஆய்வுக்கூடத்தில் செல் வளர்ப்புத் தொழில்நுட்பராகச் சேர்ந்தேன். எங்கள் பக்கத்தில் கையால் இறால் பிடிக்கும் குடும்பங்களில் இந்தப் படிப்பு படித்த முதல் ஆள் நான் என்று யாராவது மேடையில் சொல்ல வந்தால் எழுந்து போய்விடுவேன். முதல் ஆளாக இருப்பதற்கு நான் எந்தச் சோதனையும் செய்யவில்லை.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

மருத்துவமனையில் கட்டியை அகற்றும்போது, கட்டியைச் சுற்றியுள்ள நல்ல கல்லீரலிலும் கொஞ்சம் சேர்த்து வெட்டுவார்கள். நோயாளியின் சம்மதத்தோடு அந்தத் துண்டு குளிர்ந்த கரைசலில், ஐஸ் பெட்டியில் எங்களுக்கு வரும். உள்ளங்கையளவு இருக்கும். பெட்டி வந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடும்.

வெட்டுப் பரப்பில் திறந்திருக்கும் ரத்தக்குழாய் வாய்களில் மெல்லிய குழாய்களைச் செருகுவேன். முதலில் உடல் சூட்டிலுள்ள கழுவுநீரைச் செலுத்தி ரத்தத்தை வெளியேற்றுவேன். துண்டு செங்கல் நிறத்திலிருந்து வெளிறிய பழுப்புக்கு மாறும். அடுத்து நொதியைச் செலுத்த வேண்டும். செல்களை ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கும் நாரை அது கரைக்கும். இங்கேதான் பலர் தவறுவார்கள். சீக்கிரம் நிறுத்தினால் செல்கள் பிரியாது, தாமதித்தால் செல்களே செத்துப்போகும். துண்டு பழுத்த சப்போட்டாவைப் போல் விரலுக்கு இளகும் ஒரு கட்டம் இருக்கிறது. அப்போது நிறுத்திவிட்டு, மேல்தோலைக் கிழித்து, குளிர்ந்த நீரில் அலசினால் செல்கள் புகைபோல் உதிரும். சல்லடையில் வடிகட்டி மெதுவாகச் சுழற்றினால் கனமான கல்லீரல் செல்கள் அடியில் தங்கும், லேசானவை மேலே நிற்கும். மேலே நிற்பதைக் கொட்டிவிடுவோம். கடைசியில் நீலச்சாயம். செத்த செல் சாயத்தைக் குடிக்கும், உயிருள்ளது குடிக்காது. எண்ணி எழுத வேண்டும்.

எனக்கு அதிகமான செல்கள் பிழைத்தன. கைராசி என்று பாஸ்கர் அண்ணன் சொல்வார். திருப்பாலைவனத்து நெல் விவசாயக் குடும்பம் அவருடையது. ஆய்வுக்கூடத்தில் என்னைவிட ஒன்பது வருடம் மூத்த தொழில்நுட்பர். அனுப்பம்பட்டில் மாமியார் வீட்டில் இருந்ததால் அந்த ஸ்டேஷனில் ரயிலேறுவார். இறால் தடவிப் பிடிக்கும் என் அம்மாவின் கை எனக்கு வந்திருக்கிறது என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொல்வார். அது கைராசி இல்லை. ஒவ்வொரு துண்டின் எடை, வந்த நேரம், கரைசலின் சூடு, இளகத் தொடங்கிய நிமிடம் எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். நாற்பது துண்டுகளுக்குப் பிறகு எப்போது நிறுத்த வேண்டும் என்பது என் நோட்டில் இருந்தது. கையில் அல்ல.

இந்த முதிர்ந்த கல்லீரல் செல்கள் பிளேட்டில் தாமாகப் பெருகாது. சில நாளில் தளர்ந்து சாகும். மூன்று வேதிப்பொருட்களைக் குறிப்பிட்ட அளவில் ஊட்டநீரில் சேர்த்தால், அவற்றில் சில தம் முதிர்ச்சியைக் கைவிட்டுப் பின்னோக்கிப் போகும், கல்லீரல் செல்லாவதா பித்தநாளச் செல்லாவதா என்று இன்னும் தீர்மானிக்காத முன்னோடிச் செல்களாக மாறும் என்பதுதான் எங்கள் ஆய்வு. முன்னோடிச் செல்கள் சிறியவை, வேகமாகப் பெருகுபவை. ஒரு துண்டிலிருந்து கோடிக்கணக்கில் வளர்த்து, பழுதான கல்லீரலுக்குள் செலுத்தினால் அது தன்னைச் சரிசெய்துகொள்ளக்கூடும். செலுத்தக்கூடும், சரியாகக்கூடும். இந்தக் 'கூடும்'களை அறிக்கை எழுதியவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள்.

எங்கள் தலைவர் டாக்டர் மனோகரன். அவரைக் கெட்டவர் என்று எழுதினால் இந்தக் கட்டுரை சுலபமாகிவிடும். அவர் கெட்டவர் இல்லை. பதினோரு வருடத்தில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. மைக்ராஸ்கோப்பில் உட்காரும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையின் இடது மூலையில் வைப்பார். பார்த்து முடித்ததும் நம்மையும் பார்க்கச் சொல்வார். தான் பார்த்ததை முதலில் சொல்ல மாட்டார். பென்சிலால் எழுதிய எண்ணை அவர் எண்ணாகவே மதித்ததில்லை. தொழில்நுட்பர்களின் பெயரை அறிக்கையில் சேர்க்கும் வழக்கம் பல இடங்களில் கிடையாது. அவர் சேர்த்தார். என்னை "கஸ்தூரிம்மா" என்று கூப்பிடுவார். வேறு எந்த மேலதிகாரியும் என் பெயருக்குப் பின்னால் அம்மா போட்டதில்லை.

அவர்மீது எல்லோருக்கும் மரியாதை இருந்தது. பிழை அங்கிருந்துதான் வந்தது.

செல்களை உடல் சூட்டில் வளர்க்கும் எங்கள் இன்குபேட்டர் ஒரு பீரோ அளவு இருக்கும். நாளில் எத்தனை முறை கதவைத் திறக்கிறோமோ அத்தனை முறை முன்வரிசைக்கு வெளிக்காற்று அடிக்கும், சூடு குறையும், ஈரம் குறையும். நடு அடுக்கின் பின்பக்கம் எதுவும் ஆகாது. அதுதான் நல்ல இடம். மூன்று வேதிப்பொருள் சேர்த்த பிளேட்டுகளை நாங்கள் 'சார் பிளேட்' என்போம். அவர் வந்ததும் முதலில் கேட்பது அவற்றைத்தான். ஆகவே சார் பிளேட் எப்போதும் நடு அடுக்கின் பின்பக்கம். வேதிப்பொருள் சேர்க்காத, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் பிளேட்டுகள் கதவோரம். அவர் அப்படி வைக்கச் சொல்லவே இல்லை. பெரியவருக்கு நடு நாற்காலி போடுவதுபோல நாங்களாகவே வைத்தோம். நான் சேர்ந்த முதல் நாளே பாஸ்கர் அண்ணன் எனக்குக் காட்டிக்கொடுத்தார். நான் நிஷாவுக்குக் காட்டிக்கொடுத்தேன். எட்டு வருடம் இப்படியே நடந்தது.

ஒரு நாள் நடு அடுக்கின் தகடு வளைந்துவிட்டது. சரிசெய்யக் கழற்றியபோது எல்லாப் பிளேட்டுகளையும் பக்கத்து இன்குபேட்டருக்கு அவசரமாக மாற்றினேன். அங்கே ஒப்பீட்டுப் பிளேட்டுகள் பின்னால் போயின, சார் பிளேட்டுகள் கதவோரம் நின்றன. நான்கு நாள் அப்படியே இருந்தன. ஐந்தாம் நாள் ஒப்பீட்டுப் பிளேட் ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சிறிய செல்கள் கொத்தாகப் பெருகிக்கொண்டிருந்தன. அந்தப் பிளேட்டில் வேதிப்பொருளே இல்லை.

பாஸ்கர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். லேபிளை மாற்றி ஒட்டியிருப்பேன் என்றார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நோட்டை எடுத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன். மாற்றி ஒட்டவில்லை.

இங்கே ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஏரியில் வலை கட்ட நல்ல இடங்கள் சிலதான். முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் இறால் அள்ளும், மேட்டுப் பக்கம் ஒன்றும் விழாது. வல்லவன் நல்ல இடத்தில் உட்கார்ந்துகொள்ளக் கூடாது என்பதற்காக வலைக்காரக் குப்பங்களில் சீட்டுப் போடுவார்கள். இதற்குப் பாடு என்று பெயர். இன்று நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை வேறிடம் போக வேண்டும். ஊர்த் தலைவருக்கும் இதே கட்டுதான். ஒருவருக்கு மீன் அதிகம் விழுந்தால் அது அவர் திறமையா, இடமா என்று ஒரு சுற்று முடிந்தால் தெரிந்துவிடும். கையால் தடவிப் பிடிக்கும் எங்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. யாரும் வலை கட்டாத சேறுதான் எங்களுடையது. சின்ன வயதில் அம்மாவோடு கரையில் நின்று அவர்கள் சீட்டு எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு ஏன் சீட்டு இல்லை என்று ஒருமுறை கேட்டு அம்மாவிடம் அடி வாங்கினேன். சரியான முறை என்று தெரிந்தது. அதில் எங்களைச் சேர்க்காததும் தெரிந்தது. இரண்டையும் மறக்கவில்லை.

பிளேட்டுகளுக்குப் பாடு வைத்தேன்.

இடங்களுக்கு எண் போட்டேன். பிளேட்டுகளுக்குச் சீட்டு எழுதி ஒரு காலி கையுறைப் பெட்டியில் போட்டேன். ஊட்டநீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு. எந்தப் பிளேட்டும் ஒரே இடத்தில் இரண்டு சுற்று நிற்கக் கூடாது. சீட்டு எடுப்பது நான். மைக்ராஸ்கோப்பில் எண்ணுவது நிஷா. எதில் வேதிப்பொருள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் லேபிளை மூடிக் கொடுப்பேன்.

பாஸ்கர் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "இன்னா கஸ்தூரி, லாட்டரி சீட்டு நடத்தறியா?" என்றார். "சார் பிளேட்டக் கதவாண்ட வெச்சா சாருக்கே ஜொரம் வந்துடும்."

"வரட்டும்ணே. அவருக்கு வந்தாத்தான் ஒப்பீட்டு பிளேட்டுக்கு இத்தினி வருசமா ஜொரம் இருந்ததே தெரியும்" என்றேன். நிஷா சிரித்ததில் எண்ணிக்கை தவறிப்போய் மறுபடி எண்ணினாள்.

மூன்று மாதம் முடிந்தபோது இரண்டு வகைப் பிளேட்டுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஒப்பீட்டுப் பிளேட்டில் எங்கிருந்து சிறிய செல்கள் வந்தன என்பது அடுத்த கேள்வி. எனக்குச் சந்தேகம் பிரிக்கும் கட்டத்தில் இருந்தது. மேலே நிற்கும் லேசான செல்களைக் கொட்டுகிறோம் அல்லவா, அவற்றில் பித்தநாளச் செல்கள் உண்டு. சில மட்டும் கல்லீரல் செல்களோடு ஒட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். அவை இயல்பிலேயே சிறியவை, தாமாகவே பெருகுபவை. நல்ல இடத்தில் வைத்தால் எந்த வேதிப்பொருளும் இல்லாமல் கொத்துக் கொத்தாக வளரும். அப்படியானால் எங்கள் சார் பிளேட்டில் 'பின்னோக்கிப் போன' செல்கள் என்று நாங்கள் எண்ணியவற்றில் எத்தனை உண்மையில் மாறியவை, எத்தனை முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தவை?

பித்தநாளச் செல்லை மட்டும் பிடிக்கும் காந்தமணிகள் உண்டு. அடுத்து வந்த ஆறு கல்லீரல் துண்டுகளில், பிளேட்டில் போடும் முன்பே அவற்றால் பித்தநாளச் செல்களை இழுத்து அகற்றினேன். பிறகு சீட்டு, பிறகு மூடிய லேபிள், பிறகு எண்ணிக்கை.

ஆறில் இரண்டில் கல்லீரல் செல்கள் உண்மையிலேயே பின்னோக்கிப் போயின. அதை முதன்முதலில் சந்தேகமில்லாமல் பார்த்தது அப்போதுதான். பெரிய, தளர்ந்த செல் ஒன்று நாளுக்கு நாள் சுருங்கி, உட்கரு பெருத்து, இரண்டாகப் பிரிந்தது. ஒரே செல்லை ஒன்பது நாள் தொடர்ந்து படமெடுத்தேன். என் வேலை வாழ்க்கையில் நான் பார்த்த மிக நல்ல காட்சி அது. மீதி நான்கில் ஒன்றும் நடக்கவில்லை.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். படங்களை இரண்டு முறை பார்த்தார். நோட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். சீட்டு முறையைப் பற்றிக் கேட்டார், எங்கே கற்றேன் என்றும் கேட்டார். சொன்னேன். நல்ல முறை என்றார். அதை அவர் மனமாரத்தான் சொன்னார்.

"நடக்காத நாலும் கெட்டுப்போன துண்டா இருக்கும்மா. அதை விட்டுடலாம்" என்றார் பிறகு.

"நீலச்சாயத்துல ஆறும் ஒரே மாதிரிதான் சார் பிழைச்சுது. பக்கம் நாற்பத்தொண்ணு."

அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. மருத்துவமனையோடு நாள் குறித்தாகிவிட்டது என்றார். முதல் தொகுதிச் செல்கள் பழைய முறையில் தயாராகி உறைநிலையில் இருந்தன. பதிவேட்டில், இவை முழுக்கக் கல்லீரல் செல்லிலிருந்து மாறிய முன்னோடிச் செல்கள் என்ற வரியின் கீழ் தயாரித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். தயாரித்தவள் நான்.

பிறகு சொன்னார்: "உங்க அப்பா பேரை நான்தான் சேர்த்தேன். ஞாபகம் இருக்கில்ல?"

அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். மிரட்டியிருந்தால் மறுக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும்.

நைனாவுக்கு மஞ்சள்காமாலைக் கிருமி ஈரலில் பல வருடம் இருந்து அதைச் சுருக்கிவிட்டது. அவர் குடிக்கிறவர் இல்லை. எங்கள் ஆட்களைப் பார்த்ததும் மருத்துவச் சீட்டில் குடி என்று எழுதிவிடும் மருத்துவர்களுக்காக இதைத் தனியாக எழுதுகிறேன். இதயமும் பலவீனம் என்பதால் மாற்று ஈரல் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். எங்கள் சோதனைக்கான தகுதிகள் அவருக்குப் பொருந்தின, டாக்டர் பட்டியலில் சேர்த்தார். வேலை செய்கிறவளின் தகப்பனைச் சேர்க்கலாமா என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். என் தவறுகளில் அது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை, பொன்னேரி வாடகை அறையிலிருந்து ஊருக்குப் போனேன். அம்மா வாசலில் நண்டுகளைக் கால் கட்டிக்கொண்டிருந்தாள். நைனா சுவரில் சாய்ந்து, வயிற்றின்மேல் ஈரத் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தார். நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்வது போலவே அவருக்கும் சொன்னேன். ஆறு துண்டு, இரண்டில் நடந்தது, நான்கில் நடக்கவில்லை, ஏன் என்று தெரியாது, உங்களுக்குப் போடவிருக்கும் செல்களில் எது எத்தனை என்றும் தெரியாது.

"என் ஒடம்புல வுட்டா இன்னா ஆவும்?" என்றார்.

"தெரியாது நைனா. ஒண்ணும் ஆவாமயும் போலாம். நல்லதும் ஆவலாம். கெட்டதும் ஆவலாம்."

அம்மா நண்டைக் கீழே வைத்தாள். "அவ்ளோ பெரிய டாக்டரு. அவருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சா? ஒரு கையெழுத்துதானேடி. அப்பனுக்குப் போட மாட்டியா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பட்டியல் இல்லை.

நைனாதான் பேசினார். அவருக்கு ஒரு வாக்கியம் முடிக்க இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. "ஆயுசு முழுக்க கண்ணுக்குத் தெரியாத சேத்துலதான் கைய வுட்டேன். கெளுத்தி முள்ளு குத்தியிருக்குது, பாம்பு மாட்டியிருக்குது. தெரியாதுன்னு சொல்லிக் கூப்புடச் சொல்லு, இப்பவும் வுடறேன். எனக்கு பயம் இல்ல." வயிற்றுத் துண்டைத் திருப்பிப் போட்டார். "ஆனா எம் பொண்ணு பாத்துட்டா, உள்ள ஒண்ணும் இல்லன்னு கையெழுத்துப் போட்டுக்கீறா, வுடுன்னா? அது வேற கஸ்தூரி. அந்த அஞ்சு பேரும் ஒன் கையெழுத்தப் பாத்துத்தான் கைய வுடுவான்."

அம்மா எழுந்து உள்ளே போனாள். அதன் பிறகு என்னோடு நான்கு மாதம் பேசவில்லை.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் செய்தவற்றை எண்ணிச் சொல்கிறேன். ஒன்று, பதிவேட்டில் எனக்கான இடத்தைக் காலியாக விட்டேன். இரண்டு, அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஆறு துண்டுகளின் முடிவையும் சீட்டு முறையையும் மையால் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். மூன்று, அந்தப் பக்கத்தின் நகலை நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினேன். நான்கு, டாக்டரிடம் நேரில் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று பிறகு சிலர் பேசினார்கள். முத்திரை குத்திய தாளோடு அவர் எதிரில்தான் நின்றேன்.

அவர் அந்தத் தாளை வாங்கி முழுக்கப் படித்தார். "ஒரு மாசம் தாமதமானா அந்த அஞ்சு பேர்ல எத்தனை பேர் இருப்பாங்கன்னு யோசிச்சியாம்மா?" என்றார்.

யோசித்தேன் என்றேன். அதில் ஒருவர் யார் என்று எனக்குத் தெரியும் என்றேன்.

சரிபார்த்தவர் இடத்தில் பாஸ்கர் அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தார். ரயிலில் என் முகத்தைப் பார்க்காமல், தனக்கு இரண்டு பெண்கள் என்றார். எனக்கு அவர்மீது கோபம் இல்லை. ஆனால் எனக்கும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

குழு சோதனையை நிறுத்திவைத்தது. காந்தமணி முறையில் எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொன்னது. என்னைச் செல் அறையிலிருந்து எடுத்து, கண்ணாடிக் குடுவைகள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஒப்பந்தம் முடிந்த நாளில் புதுப்பிக்கவில்லை. வேறு மூன்று ஆய்வுக்கூடங்களுக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலில் மூன்றிலும் ஒரே கேள்வி, முந்தைய இடத்தில் என்ன பிரச்சினை? பிரச்சினை இல்லை, ஒரு சோதனை முடிவு இருந்தது என்றேன். யாரும் திரும்ப அழைக்கவில்லை. பாஸ்கர் அண்ணன் என்னை "ரிட்டயர்டு மேடம்" என்று கூப்பிடத் தொடங்கினார். கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் அதை எடுத்துக்கொண்டேன். செல் அறையிலிருந்து நான் ஓய்வு பெற்றேன். என்னைத் துரத்தினார்கள் என்று சொன்னால் அந்த அறையை அவர்களுடையது என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். பதினோரு வருடம் அதில் என் நோட்டு இருந்தது.

தகப்பன் உயிரைவிட உனக்கு லேபிள் பெரிதா என்று உறவில் ஒருவர், வேறு யாரோ ஒருவரின் சாவு வீட்டில் வைத்துக் கேட்டார். ஆமாம், அது அவர்மேல் ஒட்டவிருந்த லேபிள் என்றேன். திமிர் என்றார்கள். இருக்கட்டும்.

நிஷாவிடம் கேட்ட புதியவர்களுக்கு, இன்றைய நிலை இது:

சோதனை இன்னும் தொடங்கவில்லை. பித்தநாளச் செல்களை முதலிலேயே அகற்றுவது இப்போது அந்த ஆய்வுக்கூடத்தின் முதல் படி. சீட்டுப் போடுவது கட்டாயம். இரண்டு நடைமுறைத் தாள்களிலும் என் பெயர் இல்லை. பழைய அறிக்கையைத் திருத்தச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, பரிசீலனையில் இருக்கிறது என்று டாக்டரே தன் கையால் எழுதி அனுப்பினார்.

நான் பொன்னேரிக்கு அருகில் இறால் பண்ணைகளுக்கு நோய்ப் பரிசோதனை செய்யும் சிறிய கூடத்தில் வேலை செய்கிறேன். மாதிரிகளை வந்த வரிசையில் சோதிப்பதில்லை, சீட்டு எடுத்த வரிசையில்தான்.

அம்மா பேசுகிறாள். அந்தக் கையெழுத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

நைனா உயிரோடு இருக்கிறார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வயிற்று நீரை எடுத்துவருகிறோம். ஒவ்வொரு முறையும் எடுக்கும் அளவு முந்தியதைவிடக் கூடுகிறது. மருத்துவரிடம் எத்தனை நாள் என்று கேட்டார், மருத்துவர் தெரியாது என்றார், நைனா தலையாட்டினார். அவர் பெயர் இப்போது எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்த நான்கு துண்டுகளில் ஏன் நடக்கவில்லை என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.